செல்வகுமார் எக்ஸ்பயர்டு

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரி இருக்கிறது. அதன் அலுவலகத்தில் அமுதவள்ளிக்குத் தெரியாமல் ஒரு தாள் நகராது. தொழிலாளர்களின் பெர்மிட், மருத்துவப் பரிசோதனை, ஹோட்டல்காரர்களின் புகார், முதலாளி மிஸ்டர் கோவின் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். வேலைப் பத்திரத்தில் அவள் ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா. ஆனால் அந்தக் கம்பெனியின் இங்கிலீஷ் என்பது அவள் இங்கிலீஷ்தான்.

அதை அவள் சுலபத்தில் சம்பாதிக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிழைக்கிற வழியாகட்டும் என்று மகளை மலாய்ப் பள்ளியில் சேர்த்தார். வீட்டில் பேசியது தமிழ், படித்தது மலாய். தமிழ் எழுத்து அவளுக்கு இன்றைக்கும் கோலம் மாதிரிதான். பார்க்க அழகு, படிக்க வராது. இங்கிலீஷ் வந்ததெல்லாம் பதினெட்டு வயதுக்கு மேல், ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில். அங்கே ஒருநாள் மேனேஜர் அம்மா அவளிடம், ஒரு வாடிக்கையாளரை 'சேஸ்' பண்ணு என்றார். சேஸ் என்றால் துரத்துவது என்று அமுதவள்ளிக்குத் தெரியும். அவள் உடனே அந்த வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டாள். வரவேண்டிய பாக்கியை விடாமல் கேள் என்பதைத்தான் மேனேஜர் அம்மா அப்படிச் சொல்லியிருந்தார். ஆபீஸே சிரித்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை புதிதாகக் காதில் விழுந்தால் அதன் அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள். யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று பார்ப்பாள். மாணவன் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பாராட்டு, பில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பாக்கி, வில்லங்கம் என்பதெல்லாம் அப்படி வந்த ஞானம்தான். நாற்பத்து நாலு வயதில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் பேங்க் கடிதம், இன்ஷூரன்ஸ் கடிதம் எது வந்தாலும் அக்கம்பக்கத்தார் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செல்வகுமாரின் பாஸ்போர்ட் முந்தின நாளே காலாவதியாகிவிட்டதை அவள் கவனித்தாள். செல்வகுமாருக்கு ஊர் தமிழ்நாட்டில், அறந்தாங்கிப் பக்கம். ஈர விரிப்புகளை உள்ளே வாங்கித் தேய்த்து வெளியே தள்ளும் பெரிய உருளை இயந்திரத்தில் இரண்டு வருடமாக வேலை. ஊரில் மனைவி மலர், நாலு வயதில் ஒரு மகன்.

அவள் கீழே இறங்கிப் போனபோது அவன் லாக்கரில் போனை வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். வேலைத்தளத்துக்குள் யாரும் போன் எடுத்துப் போகக் கூடாது.

“செல்வா, ஒன் பாஸ்போர்ட் நேத்தே முடிஞ்சிருச்சு. நீயும் பாக்கல, நானும் பாக்கல. அம்மா அப்பா அடையாள அட்டை, கல்யாண சர்ட்டிபிகேட் எல்லாம் வேணும்.”

“எங்க அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்கக்கா. அவர்தான் எடுத்து அனுப்புவாரு. எனக்கு ஷிப்ட் முடிய ராத்திரி ஆயிடும்.”

அண்ணன் பெயர் கமலநாதன். நம்பர் ஆபீஸில் இருந்தது. தமிழில் அடிக்க வராது என்பதால் அமுதவள்ளி கம்பெனி போனை எடுத்து இங்கிலீஷில் அடித்தாள்.

“குட் மார்னிங் சார். செல்வகுமார் எக்ஸ்பயர்ட் ஆல்ரெடி. ப்ளீஸ் சென்ட் பேரன்ட்ஸ் ஐசி அண்ட் மேரேஜ் சர்ட், அர்ஜென்ட். டோன்ட் வொரி, கம்பெனி வில் செட்டில் எவ்ரிதிங்.”

அந்த ஆபீஸில் இது தினசரிப் பேச்சு. இந்த மாதம் யார் யார் எக்ஸ்பயர்டு என்று மிஸ்டர் கோ கேட்பார். இவள் நாலைந்து பெயரைச் சொல்வாள். எக்ஸ்பயர் ஆனது பெர்மிட்டோ பாஸ்போர்ட்டோதான் என்பது சுவருக்குக்கூடத் தெரியும். மலாயில் இன்னும் மோசம். அங்கே லைசென்ஸ் 'செத்துப்போகும்', சாலை வரி 'செத்துப்போகும்'. அதைக் கேட்டு யாரும் அழுததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ‘வென், மேடம்?’ என்று கேட்டிருந்தார் கமலநாதன்.

நேற்று என்று போட்டாள்.

‘ஹவ்?’

எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? யாரும் கவனிக்கவில்லை, இன்று காலையில்தான் நானே பார்த்தேன் என்று எழுதினாள். முரட்டுத்தனமாகத் தெரியக்கூடாதே என்று, கூடவே ஒரு சாரியும், இப்படி நடப்பதுண்டு சார் என்றும் சேர்த்தாள். பிறகு போனின் சத்தத்தை அடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கோலாலம்பூருக்குக் காரை எடுத்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டலில் கூட்டம். துண்டுகளில் மஞ்சள் கறை போகவில்லை என்று அவர்களுக்கு வருத்தம்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து போனைப் பார்த்தபோது இந்தியாவிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. பாஸ்போர்ட்டுக்கு இந்த ஆள் இவ்வளவு பதறுவாரா என்று நினைத்தாள். கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. காரில் உட்கார்ந்து அதை ஓடவிட்டாள்.

முதலில் பெண்களின் அழுகை. ஒருத்தி அழுவது அல்ல, ஒரு வீடே அழுவது. அதற்கு மேல் ஓர் ஆண் குரல்:

“மேடம், நான் கமலநாதன். தம்பி உடம்ப எப்ப அனுப்புவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மா மயங்கிக் கெடக்காங்க. மொகத்தயாவது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம். கும்பிட்டுக் கேக்குறேன்.”

அமுதவள்ளி பதிவை நிறுத்தினாள். செல்வா செத்துவிட்டான். தான் இல்லாத நேரத்தில் லாண்டரியில் என்னவோ நடந்திருக்கிறது. அந்த உருளைதான். ஈர விரிப்பைக் கொடுக்கும்போது கை உள்ளே போயிருக்கும். காலையில் அக்கா என்று கூப்பிட்டானே. தன்னைத் தவிர உலகத்துக்கே தெரிந்துவிட்டது, ஊர் வரைக்கும் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவளே இவள்தான். சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மிஸ்டர் கோவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. கமலநாதனைத் திரும்பக் கூப்பிடத் துணிச்சல் வரவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் வரைக்கும் எப்படி ஓட்டி வந்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை. போலீஸ் இல்லை. லோரியில் விரிப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தத்தோடு உள்ளே ஓடினாள். ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. உருளைக்கு முன்னால் செல்வகுமார் நின்றுகொண்டு, ஒரு விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தான்.

அமுதவள்ளி பக்கத்தில் இருந்த துணி வண்டியின் விளிம்பைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் ஓடி வந்தான். “என்னக்கா? மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?”

“நீ நல்லாத்தானே இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ஒங்க அண்ணன் நீ செத்துட்டன்னு சொல்றாருடா.”

செல்வகுமார் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. லாக்கருக்கு ஓடிப் போனைத் திறந்தான். அவள் பின்னாலேயே போனாள். திரை முழுக்க அழைப்புகள், செய்திகள். ஊர்க்காரர் ஒருவரின் ஸ்டேட்டஸில் செல்வகுமாரின் கல்யாணப் போட்டோ இருந்தது. மலரை வெட்டிவிட்டு அவனை மட்டும் வைத்து, சுற்றிலும் மாலை போட்டிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் ஏதோ இருந்தது.

“என்னா எழுதியிருக்கு?” என்றாள் அமுதவள்ளி.

அவன் அவளைப் பார்த்தான். படிக்கத் தெரியாதவளுக்கு அவன்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

“கண்ணீர் அஞ்சலி,” என்று படித்தான். “எங்கள் குடும்பத்தின் விளக்கு, செல்வகுமார். தோற்றம்...” பிறந்த தேதியைப் படித்தான். “மறைவு...” என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். “நேத்துத் தேதி போட்டிருக்குக்கா. மலேசியாவில்னு போட்டிருக்கு.”

நேற்று என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அமுதவள்ளிக்குப் பொறி தட்டியது. கம்பெனி போனை எடுத்துத் தான் அனுப்பியதைத் திரும்பப் படித்தாள். காலையில் அடித்த அதே எழுத்துகள்தான். எக்ஸ்பயர்ட் ஆல்ரெடி. நேற்று. யாரும் கவனிக்கவில்லை. பெற்றோர் அடையாள அட்டையும் கல்யாணச் சான்றிதழும் அனுப்புங்கள். கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இப்படி நடப்பதுண்டு. ஒரு தாயின் பிள்ளை செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, இப்படி நடப்பதுண்டு சார் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

செல்வகுமார் அதற்குள் வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டிருந்தான். திரையில் கமலநாதனின் முகம் வந்தது. வந்த வேகத்தில் போன் கையிலிருந்து விழுந்தது. கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. யாரோ அலறினார்கள். வாடகை நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. யாரோ போனை எடுத்து மலரின் கையில் கொடுத்தார்கள்.

அவள் கண்ணை இமைக்காமல் அவனையே பார்த்தாள்.

“நீங்க எங்க இருக்கீங்க?”

“வேலையில இருக்கேன் மலரு.”

“எந்த வேலையில?”

“லாண்டரியிலதான். பாரு, இது லாக்கர். பக்கத்துல ஆபீஸ் அக்கா நிக்கிறாங்க.” அவன் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தான். “நெத்தியில பொட்டு எங்க?”

மலர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது போல.

“அழிச்சுட்டாங்க,” என்றாள்.

செல்வகுமார் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அமுதவள்ளி போனை வாங்கிக்கொண்டாள். யாராவது பேசியாக வேண்டும். அந்தப் பக்கம் கமலநாதன் வந்திருந்தார்.

“அண்ணே, நான்தான் மெசேஜ் போட்டேன். அவரோட பாஸ்போர்ட்தான் எக்ஸ்பயர்டு. ஆளு இல்ல. என்னை மன்னிச்சிருங்க.”

“பாஸ்போர்ட்டுன்னு ஒரு வார்த்த போடலியே மேடம். தம்பி பேரப் போட்டு எக்ஸ்பயர்டுன்னு போட்டீங்க.”

“இங்க அப்படித்தான் சொல்லுவோம்லா. ஆள் செத்தா பாஸ்டு அவேன்னு போடுவோம். எக்ஸ்பயர்டுன்னு பால் பாக்கெட்டு, பெர்மிட்டு, இந்த மாதிரிக்குத்தான்.”

“எங்க ஊர்ல பேப்பர்லயே அப்படித்தான் மேடம் போடுவான். ஆபீஸ்ல லீவ் லெட்டர் எழுதுறவன்கூட, தாத்தா எக்ஸ்பயர்டுன்னுதான் எழுதுவான்.” அவர் மூச்சு வாங்கினார். “நானும் இங்கிலீஷ் படிச்சவன் மேடம். திரும்பத் திரும்பப் படிச்சேன். வேற அர்த்தம் ஏதாவது இருக்குமான்னு பாத்தேன்.”

அவள் போனைச் செல்வகுமாரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் மிஸ்டர் கோ வந்து அந்தச் செய்தியை வாங்கிப் படித்தார். “யுவர் இங்கிலீஷ் நத்திங் ராங் வாட்,” என்றார். தவறில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளை அதிகம் உலுக்கியது. தவறாக எழுதியிருந்தால் திருத்திக்கொண்டிருக்கலாம். வீட்டில் புருஷன் ராஜனிடம் சொன்னபோது அவர் சோற்றுத் தட்டோடு சிரிக்க ஆரம்பித்தார். பொட்டை அழித்த இடம் வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் அமுதவள்ளி நினைத்தாள். அந்த வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

“அக்கா, நான் மலரு பேசுறேன். செல்வகுமார் வீட்டுக்காரி.”

“மலரு, என்னை நீ எப்படி வேணும்னாலும் திட்டும்மா.”

“திட்டக் கூப்பிடலக்கா. ஒங்க மேல எனக்குக் கோவமில்ல.” ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மலர் குரலைத் தாழ்த்தினாள். “அன்னிக்கு ஒரு காலப்பொழுது நான் புருஷன் செத்தவளா இருந்தேன்க்கா. நான் மயங்கிட்டேன்னு என்னைப் பாய்ல போட்டிருந்தாங்க. கண்ணத் தொறக்க முடியல, ஆனா காது கேட்டுச்சு. காரியமெல்லாம் முடிஞ்சதும் இவள அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடலாம், பையன் நம்ம புள்ள, அவன் இங்கயே இருக்கட்டும்னாங்க. ஒடம்பே இன்னும் வரல. அதுக்குள்ள எம் புள்ளய எங்கிட்டருந்து பிரிச்சாச்சு.”

“யாரும்மா சொன்னது?”

“அவுக அண்ணன். அத்த அப்பதான் கண்ணு முழிச்சாங்க. வேணாம்னு சொல்லல. அவரு பொய்யா அழுகலக்கா. நெசமாத்தான் அழுதாரு. அழுதுகிட்டேதான் அதையும் சொன்னாரு. மத்தியானம் எல்லாம் தெளிஞ்சதும் சந்தோஷத்துல பாயசம் வச்சாங்க. எனக்குத்தான் தொண்டையில எறங்கல.”

அமுதவள்ளி சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள். தன் ஒரு வார்த்தை அறந்தாங்கியில் ஒரு வீட்டின் கதவை உடைத்து உள்ளே இருந்ததை எல்லாம் வாசலில் போட்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நான் என்னா செய்யணும் மலரு?”

“ஆபீஸ்ல அவரு பேருக்கு நேரா எங்க மச்சாண்டார் நம்பர் இருக்குல்ல. அத எடுத்துட்டு என் நம்பரப் போடுங்க. நல்லதோ கெட்டதோ, மொதல்ல எனக்குத்தான் வரணும்.”

நம்பரை மாற்ற செல்வகுமாரின் கையெழுத்து வேண்டும். காரணம் சொல்லாமல் வாங்கிவிடலாமா என்று அமுதவள்ளி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். குடும்பத்துக்குள் புகுந்து இன்னொரு தடவை கலைக்கிறோமோ என்ற பயம். மலருக்கே திரும்பப் போன் செய்து கேட்டாள். சொல்லிவிடுங்கள் என்றாள் மலர். தன் வாயால் சொன்னால் புருஷன் நம்புவானோ மாட்டானோ என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

அமுதவள்ளி அவனை மேலே கூப்பிட்டு உட்காரவைத்து, மலர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“எங்க அண்ணனா சொன்னாரு?” என்று கேட்டான்.

“ஆமாப்பா.”

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீரில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. “எங்க அண்ணனா?” என்று மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் ஆமாம் என்றாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

புது பாஸ்போர்ட் வந்ததும் அவன் லீவில் ஊருக்குப் போனான். அண்ணனோடு சண்டை எதுவும் போடவில்லை. சத்தம் போட்டுப் பேசக்கூட இல்லையாம். அறந்தாங்கி டவுனில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, மலரையும் பையனையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். கமலநாதன்தான் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கிக் கொடுத்தார். எதற்காகத் தனிக்குடித்தனம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்றான் செல்வகுமார்.

திரும்பி வந்தவனிடம் ஊரில் எப்படி இருந்தது என்று அமுதவள்ளி கேட்டாள்.

“பஸ்ஸை விட்டு எறங்கினதும் டீக்கடைக்காரரு கிளாஸ கீழ போட்டுட்டாருக்கா. அந்தக் கண்ணீர் அஞ்சலியப் போஸ்டரா அடிச்சும் ஒட்டியிருந்தாங்க, அதுல ஒண்ண இன்னும் கிழிக்கல. அதுக்கு முன்னாடி நின்னு என்னை நானே பாத்துட்டு வந்தேன்.” சொல்லும்போது அவன் சிரித்தான்.

அமுதவள்ளி இப்போது வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு முதலில் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் செய்தி அடிக்கிறாள். ஆபீஸில் மிஸ்டர் கோ யார் யார் எக்ஸ்பயர்டு என்று கேட்டால், யாருடைய பெர்மிட், யாருடைய பாஸ்போர்ட் என்று அவள் முழுசாகச் சொல்வாள். அவர் அவசரப்பட்டாலும் அவள் அவசரப்படுவதில்லை.

மலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று அங்கே சட்டம்.

“அக்கா, எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்களேன்,” என்றாள் ஒருநாள்.

அமுதவள்ளி சொன்னாள்: “ஒங்க ஊரு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதும்மா. நீ ஒவ்வொரு வார்த்தையா சொல்லு. அங்க அதுக்கு என்னா அர்த்தம்னு மொதல்ல எனக்குச் சொல்லு.”